எட்டு செக்கனில் நின்றுபோகும் பாட்டுகள்

அன்புள்ள அண்ணா,

நான் இலங்கை மலையகத்தில், டிக்கோயா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறேன். ஹட்டனில் ஒரு லீசிங் கம்பெனியில் வேலை. தவணை கட்டாத த்ரீவீல்காரர்களுக்கு போன் பண்ண வேண்டும், எடுக்காவிட்டால் வீட்டுக்கே போய் நிற்க வேண்டும். அவர்களில் பாதிப் பேர் எங்கள் டிவிசன் ஆட்கள். வீட்டுக்கு வரும்போது ஏழரை ஆகிவிடும். அம்மா இன்னும் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறார். தங்கச்சிக்கு இந்த வருஷம் உயர்தரப் பரீட்சை. எல்லோரும் படுத்த பிறகு பழைய லெப்டொப்பில் எஃப்எல் ஸ்டூடியோ என்ற மியூசிக் செய்யும் சொஃப்ட்வெயாரின் ட்ரயல் வேர்ஷனைத் திறந்து, ஹெட்போன் போட்டு உட்காருவேன். மூன்று வருஷமாகச் செய்கிறேன், முழுப் பாட்டு ஒன்றுகூட இல்லை. எல்லாம் நாலு பார் (நாலு தாள வட்டம்), எட்டு செக்கன். அதற்கு மேல் நகராது. இரண்டு சின்த் (கொம்பியூட்டரே உண்டாக்கும் வாத்தியம்) சேர்த்தாலே கரகரவென்று வெட்டுகிறது. போன மாதம், யாரும் எடுக்காத என் அழைப்புகளின் ரிங் சத்தத்தை வைத்து ஒரு பீட் போட்டேன். அதுவும் பாதியில் கிடக்கிறது. மியூசிக் செய்தால் மன அழுத்தம் குறையும் என்கிறார்கள், எனக்குக் கூடுகிறது. வாழ்க்கை ஒரு நிலைக்கு வரும்வரை நிறுத்திவிடவா? இல்லை, லெப்டொப்பில் செருகி வாசிக்கும் மிடி கீபோர்ட் ஒன்று தவணைக்கு எடுத்தால் வேகம் வருமா?

எஸ்., டிக்கோயா

அன்புள்ள தம்பி,

நிறுத்த வேண்டாம். ஒரு நிலைக்கு வந்த பிறகு பார்க்கலாம் என்று ஆர்மோனியத்தையும் கவிதைக் கொப்பியையும் மேலே தூக்கி வைத்தவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். தங்கச்சி உயர்தரம் முடித்தால் கம்பஸ், அது முடிந்தால் கல்யாணம், நடுவில் கூரைத் தகரம் மாற்ற வேண்டும். அந்த நிலை யாருக்கும் வந்து நான் பார்த்ததில்லை.

மியூசிக் செய்தால் அழுத்தம் குறையும் என்று உங்களிடம் சொன்னவர்கள் அநேகமாக மியூசிக் கேட்கிறவர்களாக இருப்பார்கள். கேட்பது ஓய்வு. செய்வது வேலை. அதிலும் கொம்பியூட்டரில் செய்வது, ஓயாமல் தீர்மானம் எடுக்கிற வேலை. ஒரு கிக் ட்ரம் வேண்டும் என்று போல்டரைத் திறந்தால் நூற்றுக்கணக்கில் கிடக்கும். ஒன்றை எடுத்தால் அதன் சுருதி என்ன, நீளம் என்ன, ரிவேர்ப் (எதிரொலி) எவ்வளவு, எந்தக் கட்டத்தில் விழ வேண்டும். தவில்காரருக்கு இந்தத் தொல்லை கிடையாது, அவரிடம் இருப்பது ஒரு தவில். நீங்களோ யாருக்கு ஒரு கிழமை தவணை விடுவது, யாரை நெருக்குவது, தெரிந்தவர் வாசலில் எந்த முகத்தோடு நிற்பது என்று பகல் முழுக்கத் தீர்மானம் எடுத்துவிட்டு வருகிறீர்கள். இரவு பத்து மணிக்கு மிஞ்சுவது எட்டு செக்கனுக்குத்தான் காணும். இதைச் சோம்பல் என்று நினைத்து உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள்.

தீர்மானங்களைக் குறைப்பதுதான் வழி. பம்பாய் சினிமா இசைக்குழுக்களில் வாசித்துப் பிழைத்த சரண்ஜித் சிங், 1982-இல் ரோலண்ட் கம்பெனியின் மூன்று எலெக்ட்ரோனிக் கருவிகளை வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் இசைத்தட்டாக்கினார். அதில் ஒன்று 1980-இல் வந்த டிஆர்-808 ட்ரம் மெஷின். நிஜ ட்ரம் மாதிரி இல்லை என்று பலர் ஒதுக்கிய பெட்டி அது. 1983-இல் உற்பத்தியே நின்றது. பிறகு காசில்லாத பொடியன்கள் மலிவாகக் கிடைத்த பழைய பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய் ஹிப்ஹொப்பும் டெக்னோவும் செய்தார்கள். அதில் இருந்தது கையளவு சத்தங்களும் ஒரு வரிசையில் 16 பொத்தான்களும்தான். சிங்கின் இசைத்தட்டும் அன்று விற்கவில்லை, 2010-இல் மறுவெளியீடு வந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. நீங்களும் ஒரு மாதத்துக்கு ஆறு சத்தங்களைத் தெரிந்தெடுத்து வைத்துக்கொண்டு, மற்ற போல்டர்களைக் கண்ணில் படாத இடத்துக்கு நகர்த்திவிடுங்கள்.

உங்கள் ட்ரயல் வேர்ஷன் இன்று சேமித்ததை நாளை திறக்க விடாது. எல்லோரும் இதைத் திட்டுவார்கள், உங்களுக்கு இது வசதி என்பேன். படுக்கப் போகும் முன் செய்த அளவை, ட்ரம் தனி, பேஸ் (அடிக்குரல் சத்தம்) தனி என்று வேவ் ஒலிக் கோப்புகளாக வெளியே எடுங்கள். அடுத்த நாள் அந்தக் கோப்புகளை உள்ளே இழுத்துப் போட்டு, அவற்றின் மேல் அடுத்ததை அடுக்குங்கள். நேற்றைய பேஸைத் திரும்பத் திருத்த முடியாது, அதனால் திருத்தவும் மாட்டீர்கள். சின்த்தை ஓட விடுவதைவிட வேவ் கோப்பை ஓட விடுவது லெப்டொப்புக்கும் லேசு, கரகரப்பு பாதி அதிலேயே போய்விடும். மிச்சத்துக்கு ஓடியோ செட்டிங்ஸில் பஃபரை, அதாவது லெப்டொப் சத்தத்தை முன்கூட்டிச் சேர்த்து வைக்கும் அளவை, 1024 சாம்பிள் ஆக்குங்கள். சாம்பிள் என்பது இங்கே சத்தத்தின் ஒரு சிறு துளி, செக்கனுக்கு 44,100 என்ற கணக்கில் அது சுமார் 23 மில்லிசெக்கன். விரலால் வாசிக்கும்போது தாமதம் தெரியும், அடுக்கி வைக்கும்போது தெரியாது.

வேலை நாள் இரவில் முழுப் பாட்டுச் செய்ய உட்கார வேண்டாம். போனில் பதிந்ததை வெட்டுவது, பெயர் போடுவது, ஒரு சத்தத்தைச் சுத்தம் பண்ணுவது என்று தலை வேலை செய்யாமலே கை செய்யக்கூடிய காரியங்கள் எத்தனையோ இருக்கின்றன. பாட்டைப் போயாவுக்கு, அந்தப் பௌர்ணமி விடுமுறைக்கு, வையுங்கள். வருஷத்தில் பன்னிரண்டு, சில வருஷம் பதின்மூன்று வரும், உங்கள் கம்பெனிக்கும் லீவு. காலையில் உங்கள் எட்டு செக்கனை 15 தரம் வரிசையாக ஒட்டுங்கள், 2 நிமிடம் வந்துவிடும். அதன் பிறகு ஒன்றும் கூட்டக் கூடாது, கழிக்க மட்டும்தான். முதல் இரண்டு தரத்தில் ட்ரம்மை எடுங்கள், நடுவில் பேஸை எடுங்கள், கடைசியில் ஒரே ஒரு சத்தத்தைத் தவிர எல்லாவற்றையும் எடுங்கள். பின்னேரம் தேத்தண்ணிக்கு முன் அது பாட்டாகியிருக்கும். நன்றாக வந்ததோ இல்லையோ, அடுத்த போயாவுக்கு அதைத் தொடக் கூடாது.

யாரும் எடுக்காத அந்த ரிங், உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. முதலில் அதை முடியுங்கள். இது உங்களுக்கு மட்டும் கிடைக்கக்கூடிய சத்தம். ஆனால் போனை எடுத்துப் பேசியவர்களின் குரலைத் தொடாதீர்கள், கடன்பட்டவரின் குரல் உங்கள் சாமான் இல்லை. இதையும் சொல்லிவிடுகிறேன்: மலையகத்துப் பொடியன் எலெக்ட்ரோனிக் செய்தால் தப்பு மேளத்தின் சத்தத் துண்டு ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்று பலர் புத்தி சொல்வார்கள். அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. ஆசை வந்தால் மாசியில் காமன் கூத்து நடக்கும்போது போய்ப் பதியுங்கள், நெருப்பில் காய்ச்சிய கையோடு ஒரு தரம், பனியில் தோல் தளர்ந்த பிறகு ஒரு தரம். இரண்டுக்கும் சுருதி வேறு. ஒரே அடியைக் கொப்பி பண்ணி ஒட்டினால் தப்பு செத்துவிடும்.

ஹெட்போனின் சத்தத்தை அளவாக வையுங்கள். 80 டெசிபல் என்றால் கிழமைக்கு 40 மணித்தியாலம்தான் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு, சத்தம் கூடக் கூட அந்த நேரம் வேகமாகக் குறையும். பதினொரு மணிக்கு மூடிவிட்டுத் தூங்குங்கள். உங்கள் வேலையின் பாரத்தை இந்தப் பாட்டு இறக்கி வைக்காது. அதற்கு வேறு வேலை தேடுவதுதான் மருந்து, அதையும் தேடுங்கள்.

மிடி கீபோர்ட் தவணைக்கா? தவணை தவறினால் என்ன நடக்கும் என்று உங்களுக்கா நான் சொல்ல வேண்டும்! லெப்டொப் கீபோர்டில் இசட் தொடங்கும் வரிசையும் கியூ தொடங்கும் வரிசையும் எஃப்எல்லில் பியானோக் கட்டைகளாக வேலை செய்யும். மெல்ல அடித்ததா, ஓங்கி அடித்ததா என்பது மட்டும் பதியாது, அதை மவுஸால் சரிபண்ணலாம். கையில் காசு சேர்ந்தால் பழையது ஒன்று பாருங்கள், 25 கட்டை போதும்.