வேலை உத்தரவு கொடுத்துவிட்டு சைட்டை ஒப்படைக்காமல் இழுத்தால் ஒப்பந்ததாரர் என்ன செய்யலாம்?

முதல் டெண்டர் எடுத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பழகியவர்கள் கேட்கமாட்டார்கள், புலம்புவார்கள்.

நான் வக்கீல் இல்லை. மன்னார்குடிப் பக்கம் மதகும் தடுப்புச்சுவரும் கட்டுகிறவன். மற்ற ஊரில் சைட் இரண்டு மாதம் தள்ளிக் கிடைத்தால் வேலையும் இரண்டு மாதம் தள்ளும், அவ்வளவுதான். டெல்டாவில் ஒரு வருஷமே போய்விடும். மேட்டூரை வழக்கமாக ஜனவரி 28-ல் மூடி ஜூன் 12-ல் திறப்பார்கள். வாய்க்காலுக்குள் கான்கிரீட் போட அந்த நாலரை மாதம்தான்.

எனக்கு ஒரு மதகுக்கு பிப்ரவரி கடைசியில் ஒர்க் ஆர்டர் வந்தது. கரையில் ஒரு மாட்டுக்கொட்டகை, அஸ்திவாரம் விழும் இடத்திலேயே ஒரு ஈ.பி. கம்பம். இரண்டையும் எடுத்துத் தரவேண்டியது வேலை கொடுத்தவர்கள். "ஜல்லியை இறக்குங்கண்ணே, பாத்துக்கலாம்" என்றார் பொறியாளர். இறக்கினேன். கலவை மிஷினுக்கு வாடகை ஓடியது, ஆட்கள் புளியமரத்தடியில் தாயம் ஆடினார்கள். கம்பம் நகர்ந்தது மே மாதம். தரைத்தளம் போட்டு சுவருக்குப் பலகை அடிக்கும்போது தண்ணீர் வந்துவிட்டது. சென்ட்ரிங் பலகை பாதி ஆற்றோடு போச்சு. மறு வருஷம் முடித்தேன். தாமதத்துக்கு அபராதம் என்று என் பில்லிலேயே பிடித்தார்கள்!

"காண்ட்ராக்டர் யோக்கியனா?" என்று கமெண்டில் வருவீர்கள், தெரியும். சினிமாவில் பாலம் இடிந்தாலே வெள்ளைச் சட்டைக் காண்ட்ராக்டர்தான். என் பெண்ணுக்கு வரன் பார்த்தபோதுகூட, "ஓ, காண்ட்ராக்டா" என்று ஒரு சிரிப்பு.

சரி, கேள்விக்கு வருகிறேன். இடத்தை உரிய நேரத்தில் தருவது வேலை கொடுத்தவர் கடமை. ஆனால் 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 55-வது பிரிவில் ஒரு கொக்கி உண்டு. தாமதமாகத் தந்ததை வாங்கிக்கொள்ளும்போதே 'நஷ்டஈடு கேட்பேன்' என்று தெரிவிக்காவிட்டால், பிறகு அந்த நஷ்டத்தைக் கேட்க முடியாது. 'கால நீட்டிப்பு மட்டுமே, பணம் கிடையாது' என்று உங்கள் ஒப்பந்தத்திலேயே ஷரத்து இருக்கலாம், அதையும் பாருங்கள். நான் ஒரு கடிதம்கூட எழுதவில்லை. நீட்டிப்பு மனுவில் கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்து போட்டேன்.

இப்போதெல்லாம் முதல் நாளே போட்டோவோடு தபால் போய்விடும். "என்னண்ணே, நமக்குள்ள லெட்டரா?" என்று அதே பொறியாளர் கோபித்துக்கொள்கிறார். கொட்டகை இன்னும் அங்கேதான் இருக்கிறது. மதகைக் கொஞ்சம் தள்ளிக் கட்டினோம்.