20 பேர் வந்த கிராம சபையில் 110 கையெழுத்து: என்ன செய்யலாம்?

கேள்வி: எங்கள் ஊராட்சியின் மக்கள்தொகை 2,600. ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு 20 பேர்தான் வந்தோம். 110 பேர் கலந்துகொண்டதாகத் தீர்மானம் எழுதியிருக்கிறார்கள். நேராக வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம், இப்போதே வேண்டாம். வெறுங்கையோடு உயர் நீதிமன்றம் போனால், “ஆட்சியரிடம் மனு கொடுத்தீர்களா?” என்றுதான் முதலில் கேட்பார்கள்.

தமிழ்நாட்டில் 501 முதல் 3,000 வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சிக்குக் குறைவெண் வரம்பு 100 பேர். அத்தனை பேர் சேராவிட்டால் கூட்டத்தைத் தள்ளிவைக்க வேண்டும். தள்ளிவைத்தால் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டுமே! அதனால் நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்கே பதிவேட்டைக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள்.

முதல் வேலை, தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனு. கூட்ட அறிவிப்பு, வருகைப் பதிவேடு, தீர்மானப் பதிவேடு, புகைப்படங்கள் ஆகியவற்றின் நகலை மட்டும் கேளுங்கள். “ஏன் இப்படிச் செய்தீர்கள்?” என்று கேட்டால், அது தகவல் இல்லை என்று தள்ளிவிடுவார்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. பலர் கோட்டைவிடுவது இந்தக் கெடுவில்தான்.

நகல் வந்ததும், கூட்டத்துக்கு வராமலே பெயர் இடம்பெற்றவர்களிடம் தனித்தனியாக எழுதி வாங்கி, ஆட்சியரிடம் திங்கள்கிழமை குறைதீர் நாளில் கொடுங்கள். ஊராட்சிகளின் ஆய்வாளர் அவர்தான். தீர்மானத்தை நிறுத்திவைக்கவும் ரத்து செய்யவும் அவருக்கு அதிகாரம் உண்டு. மனு எண் இல்லாமல் வெளியே வராதீர்கள். மனு எப்படியும் நீங்கள் குறை சொல்லும் வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்கே விசாரணைக்குப் போகும். அந்தக் கூத்து மாறவே இல்லை. பதில் இல்லையென்றால், அந்த எண்ணை வைத்துத்தான் உயர் நீதிமன்றத்தில் நீதிப் பேராணை (அதிகாரிக்கு நீதிமன்றம் இடும் கட்டளை) கேட்க முடியும்.

“தலைவர் பதவியைப் பறித்துத் தருகிறேன்” என்று வெற்றுத்தாளில் கையெழுத்தும் பணமும் கேட்கும் இடைத்தரகர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். நாளைக்கே அந்தத் தாளில் ‘புகாரைத் திரும்பப் பெறுகிறேன்’ என்று எழுதி, எதிர்த்தரப்பிடமே விற்றுவிடுவார்கள்.

ஒரு விதிவிலக்கு முக்கியம். ஊராட்சித் தலைவரை நீக்குவது தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆவது பிரிவு. தேர்தல் நடக்காமல் தனி அலுவலர் பொறுப்பில் இருக்கும் ஊராட்சியில் அது பொருந்தாது. அவர் அரசு ஊழியர். அவரைப் பதவிநீக்கக் கோரிய மனு அப்படியே மூடப்படும். அங்கே துறை ரீதியான ஒழுங்கு நடவடிக்கை என்று கேளுங்கள். தலைவர் இருந்தபோது நடந்த கூட்டமா, தனி அலுவலர் நடத்தியதா என்பதைத் தேதியோடு பிரித்து எழுதுங்கள். இரண்டையும் ஒரே மனுவில் கலக்காதீர்கள்.

வழக்கறிஞர் செலவுக்கு வழியில்லையென்றால், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகக் கிடைப்பார். பெண்களுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் வருமானச் சான்று தேவையில்லை.