ஊழியம் செய்ய முடியாத எனக்கு இரட்சிப்பு உண்டா?

கேள்வி: முப்பது வருடம் ஞாயிறு பள்ளி நடத்தினேன். நோயாளிகளைப் பார்க்கப் போவேன். பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகப் படுக்கையில் இருக்கிறேன். ஜெபித்தால் மனம் நிற்பதில்லை. சில ராத்திரிகளில் கடவுள் இருக்கிறாரா என்றே சந்தேகம் வருகிறது. பார்க்க வந்த ஒருவர், "உண்மையான விசுவாசம் இருந்தால் சந்தேகமே வராது" என்றார். "கிரியைகளில்லாத விசுவாசம் செத்தது" என்ற வசனம் வேறு பயமுறுத்துகிறது. நான் இரட்சிக்கப்பட்டவளா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரி, பார்க்க வந்தவர் சொன்னது தவறு. மாற்கு 9-ஆம் அதிகாரத்தில், நோயுற்ற மகனைக் கூட்டி வந்த தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று அழுகிறான். விசுவாசமும் சந்தேகமும் அவனிடம் ஒரே மூச்சில் வருகின்றன. முதலில் சந்தேகத்தைத் தீர்த்துவிட்டு வா என்று இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை. பிள்ளை குணமானான்.

சரி, கிரியைகள், அதாவது செயல்கள், இல்லாத விசுவாசம் செத்தது என்று எழுதிய யாக்கோபுக்கு வருவோம். அந்த வசனத்துக்குச் சற்று முன்னால் அவர் யாரைக் கடிந்துகொள்கிறார் என்று பாருங்கள். உடையும் அன்றன்றைய ஆகாரமும் இல்லாதவர்களிடம் "சமாதானத்தோடே போங்கள்" என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்புகிறவர்களைத்தான். கொடுக்கக் கை இருந்தும் மூடிக்கொண்டவர்கள் அவர்கள். கை தூக்க முடியாமல் கிடக்கிற உங்களுக்கு அந்த வசனத்தை எழுதவில்லை.

விசுவாசத்தினாலே நீதிமான் என்கிற பவுலும், கிரியை வேண்டும் என்கிற யாக்கோபும் முரண்படுகிறார்கள் என்று பலர் குழம்பியிருக்கிறார்கள். திருச்சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தரே 1522-இல் யாக்கோபின் நிருபத்தைச் சாரமில்லாத வைக்கோல் நிருபம் என்ற பொருளில் எழுதினார். அதில் எனக்கு உடன்பாடில்லை. இருவருமே ஆபிரகாமைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள். விருத்தசேதனத்துக்கு முன்பே, விசுவாசித்தபோதே அவன் நீதிமானாக எண்ணப்பட்டான் என்கிறார் பவுல். அப்படி விசுவாசித்தவன் பிறகு எப்படி நடந்தான் என்று காட்டுகிறார் யாக்கோபு. எபேசியர் 2-ஆம் அதிகாரத்திலும் இதே வரிசைதான்: முதலில் கிருபையினாலே, விசுவாசத்தைக்கொண்டு இரட்சிப்பு, "இது தேவனுடைய ஈவு", அப்புறம்தான் 10-ஆம் வசனத்தில் நற்கிரியைகள். இந்த விஷயத்தில் நூற்றாண்டுகளாகப் பிரிந்து நின்ற கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும்கூட, நம் தகுதியால் அல்ல, கிருபையால் மட்டுமே தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்று 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் சேர்ந்து கையெழுத்திட்டன.

உங்கள் கடிதத்தை வாசித்ததிலிருந்து இயேசுவின் பக்கத்தில் சிலுவையில் தொங்கிய அந்தக் கள்ளன் நினைவாகவே இருக்கிறேன். கையும் காலும் அசைக்க முடியாத நிலை அவனுக்கு. ஞானஸ்நானம் எடுக்க, திருடியதைத் திருப்பிக் கொடுக்க, யாருக்காவது ஒரு வாய் தண்ணீர் கொடுக்கக்கூட வழியில்லை. "என்னை நினைத்தருளும்" என்று கேட்க மட்டும்தான் முடிந்தது. "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்ற பதில் அவனுக்குக் கிடைத்தது. முப்பது வருட ஊழியத்துக்குப் பிறகு நீங்களும் அவன் நின்ற அதே இடத்தில் நிற்பது உங்களுக்குக் கசப்பாக இருக்கலாம். ஆனால் நீங்கள் ஓடியாடி ஊழியம் செய்த நாட்களிலும் உங்களைத் தாங்கியது அந்தக் கிருபைதான். விசுவாசம் என்று நாம் சொல்கிற கிரேக்கச் சொல்லுக்கு நம்பிச் சார்ந்திருத்தல் என்ற பொருளும் உண்டு. அதற்கு எழுந்து நடக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. பக்கவாதத்துக்குப் பிறகு பலருக்கு மனச்சோர்வு வருகிறது. மனம் நிற்காததற்கும் ராத்திரிப் பயத்துக்கும் அது காரணமாக இருக்கலாம். மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், அதில் விசுவாசக் குறைவு எதுவும் இல்லை. திருவிருந்தை வீட்டுக்கே கொண்டுவரும்படி உங்கள் போதகரைக் கேளுங்கள்.

ஜெபிக்க வார்த்தை வராத ராத்திரியில், 88-ஆம் சங்கீதத்தை யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று தொடங்கி, இருளிலேயே முடிகிறது அது. எழுதியவருக்குக் கடைசிவரை பதில் வரவில்லை. ஆனாலும் இரவும் பகலும் தேவனையே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார், உங்களைப் போலவே.