அறைக்கதவைச் சாத்திக்கொள்ளும் பரிமாற்ற மாணவி: வீட்டை மாற்றலாமா?

நீங்கள் தன்னார்வலராகப் பார்த்துக்கொள்ளும் பரிமாற்ற மாணவி, அதாவது வெளிநாட்டிலிருந்து வந்து ஒரு குடும்பத்தோடு தங்கிப் படிப்பவள், வந்து இரண்டு மாதமாகிறது, பள்ளி விட்டதும் அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறாள், விருந்தோம்பும் குடும்பம் முகம் சுளிக்கிறது, வேறு வீடு பார்க்கட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு வேண்டாம் என்பேன்.

நாள் முழுக்க வேற்று மொழியைக் கேட்டால் மண்டை காய்ந்துவிடும். நானும் உங்களைப் போலத் தன்னார்வலராக இருந்தபோது, இப்படி வந்த ஒரு பையனை உம்மணாமூஞ்சி என்று நினைத்தேன். ஒருநாள் அவன் நோட்டைக் காட்டினான். இரவுச் சாப்பாட்டில் எல்லோரும் எதற்குச் சிரித்தார்கள் என்று காதில் விழுந்தபடி எழுதி, அகராதியில் தேடிக்கொண்டிருந்திருக்கிறான்!

முதலில் அவளிடம் தனியாகப் பேசுங்கள், குடும்பத்தார் எதிரில் வேண்டாம். "எல்லாம் சரியா?" என்றால் "சரி" என்றுதான் பதில் வரும். "நேற்று பள்ளியில் யாரோடு சாப்பிட்டாய்?" என்று கேளுங்கள். எதிரெதிரே உட்காராமல் நடந்துகொண்டே பேசினால் வாய் திறப்பார்கள். அப்புறம் குடும்பத்திடம், அவளை விருந்தாளியாக உட்காரவைக்காமல் துணி மடிப்பது மாதிரி ஒரு சின்ன வேலை கொடுக்கச் சொல்லுங்கள். பேச்சே தேவைப்படாத கூட்டு வேலை அது.

ஆனால் பயம் தெரிந்தாலோ, யாராவது தப்பாகத் தொட்டார்கள், சாப்பாடு தரவில்லை, பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்திருக்கிறார்கள் என்று அரைகுறையாகச் சொன்னாலோ, அன்றைக்கே பரிமாற்றத் திட்டத்தின் ஒருங்கிணைப்பாளருக்குச் சொல்லிவிடுங்கள். நீங்களே விசாரிக்கக் கிளம்பாதீர்கள். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று அவளுக்கு வாக்கும் கொடுத்துவிடாதீர்கள்.