தொழில்நுட்ப வளர்ச்சியும் நிறுவன லாபமும் மனிதகுலத்துக்கு உண்மையிலேயே நன்மை தருகின்றனவா?

லாபம் என்பது, ஒரு நிறுவனத்தின் வருவாயிலிருந்து அது தன் கையிலிருந்து கொடுத்த செலவைக் கழித்தால் மிஞ்சும் தொகை. "தன் கையிலிருந்து" என்பதுதான் இங்கே முக்கியம். பிறர் தலையில் விழும் செலவு அந்தக் கணக்கில் ஏறுவதே இல்லை. வீட்டைப் பெருக்கிக் குப்பையைத் தெருவில் தள்ளிவிட்டால் வீடு பளிச்சென்று இருக்கும், தெரு நாறும். லாபக் கணக்கு வீட்டை மட்டுமே காட்டுகிறது.

ஈயம் கலந்த பெட்ரோலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஈயச் சேர்மம் ஒன்று என்ஜினின் தட்டல் ஓசையை அடக்கும் என்று 1921இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் கண்டறிந்தார்கள். எத்தனாலும் அதே வேலையைச் செய்யும் என்பது அப்போதே தெரிந்திருந்தது. ஆனால் காப்புரிமை வழியாகப் பணம் ஈட்ட இடம் தந்தது ஈயச் சேர்மம்தான். 1924இல் அதைத் தயாரித்த தொழிலாளர்கள் சிலர் ஈய நஞ்சேறி இறந்த பிறகும் விற்பனை உலகெங்கும் பரவியது. வாகனப் புகையோடு வந்த ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதித்தது. கார்களுக்கான அந்தப் பெட்ரோலைக் கடைசி நாடான அல்ஜீரியா நிறுத்தியது 2021இல்தான். நூறு ஆண்டுகள்! அந்தக் குழந்தைகள் இழந்தது எந்த நிறுவனத்தின் செலவுப் பக்கத்திலும் எழுதப்படவில்லை என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

இதனால் லாபம் ஈட்டுவதே தீமை என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அது தவறு, ஏனெனில் வோல்வோ கார் நிறுவனத்தின் பொறியாளர் நீல்ஸ் போலின் 1959இல் வடிவமைத்த மூன்று முனை சீட் பெல்ட்டைக் காப்புரிமை இருந்தும் மற்ற நிறுவனங்கள் பயன்படுத்த அனுமதித்த வோல்வோவும் லாபத்துக்காகக் கார் விற்ற நிறுவனம்தான்.