பானெட் ஷாக் மாற்றுமுன் நியூட்டனைப் பாருங்கள்

கேள்வி: என்னுடையது 2010 மாடல் செடான். பானெட்டைத் தூக்கி விட்டால் காலையில் மெல்லத் தலைமேல் இறங்குகிறது. மத்தியானம் மட்டும் எப்படியோ நிற்கிறது. பானெட்டைத் தாங்கி நிற்கும் பழைய ஷாக்கிலேயே கேஸ் நிரப்பித் தருவதாக மெக்கானிக் சொல்கிறார். நிரப்பலாமா? - திருவான்மியூர் வாசகர்

பதில்: வேண்டாம். புதிது வாங்குங்கள், இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். ஷாக்கின் குழாய்க்குள் இருப்பது அதிக அழுத்தத்தில் அடைத்த நைட்ரஜனும் கொஞ்சம் எண்ணெயும்தான். தண்டு உள்ளே போய் வருகிற வாயில் உள்ள சீல் தேய்ந்ததால்தான் கேஸ் போயிருக்கிறது. அந்த சீலை மாற்றாமல் நிரப்பினால் அதே வழியில் மறுபடியும் போகும். மேலும், வாய் மடித்து மூடிய இந்தக் குழாயில் நிரப்ப வேண்டுமானால் துளை போட வேண்டும். மிச்ச அழுத்தம் இருக்கும் குழாயில் டிரில் வைப்பது விபரீதம்.

மத்தியானம் நிற்பதற்குக் காரணம் வெயில். வெப்பம் 10 டிகிரி ஏறினால் உள்ளே அழுத்தம் 3 சதவீதத்துக்குச் சற்று மேல் கூடும். அந்தத் தயவை நம்பி பானெட்டுக்கு அடியில் தலையை விடாதீர்கள். புதிது வரும்வரை ஒரு கட்டையை முட்டுக் கொடுங்கள்.

ஷாக்கின் மேல் பழி போடுமுன் ஒன்று: கடலோரப் பகுதிகளில் பானெட் கீல்களும், ஷாக் மாட்டும் உருண்டைத் தலை போல்ட்டுகளும் துருப்பிடித்து இறுகும். பானெட்டுக்கு அடியில் பிறகு ஒட்டிய சத்தம் தடுக்கும் ஷீட்டும் எடையைக் கூட்டும். தண்டில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மட்டும் சந்தேகமே வேண்டாம், சீல் போய்விட்டது.

கேள்வி: சென்னை ஜி.பி. ரோடு உதிரிபாகக் கடைகளில் கேட்டால், 'இன்னும் ஸ்ட்ராங்கானதைப் போடுங்கள், ரொம்ப நாள் உழைக்கும்' என்கிறார்கள். புதுப்பேட்டையில் பழைய ஒரிஜினலும் கிடைக்குமாம். எதை எடுப்பது?

பதில்: இரண்டையும் விடுங்கள். பழைய ஒரிஜினல் உங்கள் ஷாக்கின் வயதொத்தது. அதன் சீலும் அதே கதிதான். பலமானதைப் போட்டால், மூடும்போது பானெட் கீல் பக்கம் மேலே வளையும், லாக்குக்கும் சிரமம்.

பழைய குழாயின் மேல் 350N என்பது போல ஓர் எண் அச்சிட்டிருக்கும். அதுதான் விசை, நியூட்டனில். அதே எண்தான் வேண்டும். அடுத்தது நீளம்: தண்டு முழுக்க வெளியே இருக்கும்போது ஒரு முனைக் குழியின் நடுவிலிருந்து மறுமுனைக் குழியின் நடுவரை மில்லிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். தண்டு எவ்வளவு தூரம் உள்ளே போகிறது என்பதும் பொருந்த வேண்டும். அது குறைந்தால், பானெட்டை அழுத்தி மூடும்போது ஷாக் முழுதாக மடங்காமல் தகடு நெளியும். எழுத்து அழிந்திருந்தால் ஊகிக்காதீர்கள். கம்பெனி டீலரின் ஸ்பேர்ஸ் கவுன்டரில் சேஸிஸ் எண்ணைக் கொடுத்தால் பார்ட் நம்பர் கிடைக்கும்.

தயாரிப்புத் தேதியையும் பாருங்கள். கடையில் சும்மா கிடந்தாலும் கேஸ் மெல்லக் கசியும். வீட்டு எடை மெஷின் மேல் தண்டு கீழாக நேராக நிறுத்தி மெதுவாக அழுத்துங்கள். 350N ஷாக் என்றால் தண்டு உள்ளே நகரத் தொடங்கும்போது சுமார் 35 கிலோ காட்டும். 20 கிலோவிலேயே நகர்ந்தால் திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: வீட்டிலேயே மாட்டலாமா?

பதில்: துணைக்கு ஒருவர் இருந்தால் அரை மணி நேர வேலை. சமதளத்தில் நிறுத்தி, பானெட்டை முழுக்கத் திறந்து, துணி சுற்றிய கட்டையால் முட்டுக் கொடுத்து, இன்னொருவரைப் பிடிக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் முடிந்த பிறகே அடுத்த பக்கம். முனையில் உள்ள ஸ்பிரிங் கிளிப்பைச் சிறிய தட்டை ஸ்க்ரூ டிரைவரால் லேசாக நெம்பி, ஷாக்கை உருண்டைத் தலையிலிருந்து இழுங்கள், கழன்றுவிடும். உருண்டையைத் துடைத்துத் துளி கிரீஸ் வையுங்கள். புதியதை, பானெட் மூடியிருக்கும் நிலையில் தண்டு கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டுங்கள். உள்ளே உள்ள எண்ணெய் சீலை நனைத்துக்கொண்டே இருக்கும். கிளிக் சத்தம் கேட்டதும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். தண்டைப் பிளையரால் பிடிக்கக் கூடாது. ஒரு கீறல் விழுந்தாலும் சீல் சீக்கிரம் போய்விடும். முதல் தடவை மெதுவாக மூடி, இருபுற இடைவெளியும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

கழற்றிய பழையதைக் காயலான் கடையில் போடும்போது, வெட்டவோ நெருப்பில் போடவோ கூடாது என்று சொல்லிக் கொடுங்கள்.

கேள்வி: மாட்டி மூன்று வாரத்தில் கசிகிறது. பில்லில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று இருக்கிறதே?

பதில்: அந்த வரி குறைபாடுள்ள பொருளுக்குச் செல்லாது. பில்லில் காலவரை ஏதும் இல்லையென்றால், 30 நாளுக்குள் குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில் தர மறுப்பதும் அப்படியே. கசிவைப் போட்டோ எடுத்து, எழுத்தில் கேளுங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது.