மார்கழிப் பனியில் பைக்: மஞ்சள் லைட் மாட்டினால் போதுமா?

கேள்வி: ஊர் நீடாமங்கலம் பக்கம். தஞ்சாவூரில் எட்டு மணிக்கு வேலை. மார்கழி, தை இரண்டு மாதமும் ஆறரைக்கே பைக்கை எடுக்க வேண்டியிருக்கிறது. சில நாள் எதிரே வரும் பஸ்கூடக் கிட்ட வந்த பிறகுதான் தெரிகிறது. பிரைட் போட்டால் இன்னும் மோசம். மஞ்சள் லைட் மாட்டச் சொல்கிறார்கள். மாட்டலாமா?

பதில்: அந்தக் காசை மிச்சப்படுத்துங்கள். பனிமூட்டத்தில் மிதக்கும் நீர்த்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. மஞ்சளோ வெள்ளையோ, ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். காரில் பனிவிளக்கு உதவுகிறதென்றால் அது தாழ்வாக, தரையை ஒட்டி அகலமாக அடிப்பதால்தான். பிரைட் போட்டால் வெளிச்சம் துளிகளில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பிவிடும். டிம்மில் ஓட்டுங்கள். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பைக் என்றால் முன்விளக்கு தானாகவே எரியும். பின்விளக்கைத்தான் யாரும் பார்ப்பதில்லை. வயல் ரோட்டுச் சேறு அப்பியிருக்கும், தினமும் துடையுங்கள்.

விளக்கைவிட வேகம்தான் முக்கியம். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது குறுக்கே ஏதோ தெரிந்து, கை பிரேக்கைத் தொட ஒன்றரை விநாடி ஆனால் அதற்குள் 25 மீட்டர் போயிருப்பீர்கள். ஈரத் தார் ரோட்டில் வண்டி நிற்க மேலும் ஏறக்குறைய 28 மீட்டர் வேண்டும். 30 கிலோமீட்டர் வேகத்தில் மொத்தமே 20 மீட்டருக்குள் நின்றுவிடலாம். வானிலை ஆய்வு மையக் கணக்கில் 50 மீட்டருக்கு அப்பால் தெரியாவிட்டால் அது மிக அடர்ந்த மூடுபனி. ரோட்டோரக் கரண்டு கம்பத்தைப் பாருங்கள். ஒரு கம்பத்தைக் கடக்கும்போது அடுத்த கம்பம் தெரியவில்லையா, 30-ஐத் தாண்டாதீர்கள். எதிரே வருபவரும் அதே தூரத்துக்குள் நிறுத்தியாக வேண்டும், அவர் டிம் லைட்கூட இல்லாமல் வரலாம்.

இனி நேரம். விடிந்துவிட்டால் பனி விலகிவிடும் என்று நினைத்துத்தான் பலரும் ஆறரைக்குக் கிளம்புகிறார்கள். உண்மையில் சூரியன் எழுந்த கொஞ்ச நேரத்துக்குப் பனி இன்னும் கெட்டியாகும். முதல் வெயிலில் காற்று லேசாக அசையும், இலைமேல் இருந்த ஈரமும் மேலே கிளம்பும். வெயில் நன்றாக ஏறிய பிறகே கலையும். வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு வயல், வாய்க்கால் எல்லாம் ஊறிக் கிடக்கிற டெல்டாவுக்கு இது வருஷா வருஷம் வரும் சங்கதி. முந்தின ராத்திரி வானம் நட்சத்திரம் தெரியத் தெளிவாக இருந்து, காற்றும் அசையாமல் இருந்தால் மறுநாள் பனி கொட்டும் என்று வைத்துக்கொள்ளலாம். போகியன்று புகையும் சேர்ந்துகொள்ளும்.

நம்ம பக்க ரோட்டுக்கென்று சில ஆபத்துகள் உண்டு. தை பிறந்தால் சம்பா அறுவடை. ரோட்டின் பாதியை மறித்து நெல்லைக் காயப்போட்டு, சுற்றிலும் கருங்கல் அடுக்கி வைத்திருப்பார்கள். ராத்திரி நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுப் போனாலும் கல் அங்கேயே கிடக்கும். அந்தக் கல்லில் முன்சக்கரம் ஏறினால் பிரேக் பிடித்துப் பயனில்லை. அறுவடை மெஷினை ரோட்டோரம் விளக்கில்லாமல் நிறுத்தியிருப்பார்கள். ஊருக்குள் நுழைந்தால் வாசலில் பெண்கள் முதுகைக் காட்டிக் குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருப்பார்கள். அங்கே வேகத்தை இன்னும் குறையுங்கள், ஹாரன் அடித்துத் திடுக்கிட வைக்காதீர்கள். முன்னால் போகிற லாரியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒட்டிப் போவது ரொம்பப் பேருக்குப் பழக்கம். அந்த லாரி வளைவில் வாய்க்காலுக்குள் இறங்கினால் நீங்களும் பின்னாலேயே இறங்குவீர்கள்.

ஹெல்மெட் கண்ணாடியில் உள்பக்கம் ஆவி படிந்தால் ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள். முதல் நாளே உள்பக்கம் துளி சோப்பைப் பூசி உலர்ந்த துணியால் துடைத்துவிட்டாலும் ஆவி பிடிக்காது. நடுவழியில் ஒன்றுமே தெரியாமல் போனால் ரோட்டில் நிற்காதீர்கள். பெட்ரோல் பங்க், டீக்கடை என்று எங்காவது உள்ளே தள்ளி நிறுத்துங்கள்.

முதலாளியிடம் இந்த இரண்டு மாதத்துக்கு மட்டும் ஒன்பதரைக்கு வரட்டுமா என்று கேட்டுப் பாருங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால், நீடாமங்கலம் ஜங்ஷனிலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் இருக்கிறது. நேரம் ஒத்துவந்தால் தைக் கடைசி வரை சீசன் டிக்கெட் எடுத்துவிடுங்கள். பனியில் ரயில் கொஞ்சம் தாமதமாகலாம், ஆனால் அது ஓடுவது சிக்னலை வைத்து. எதிர் வண்டி எங்கே வருகிறது என்று நீங்கள் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.